வங்காளப் படச்சுருள்: பாட்டு முதலில், தூரிகை அப்புறம்

மேற்கு வங்காளத்தின் மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்தில், பிங்லா பக்கம் இருக்கிறது நயா கிராமம். கதையை நீளச் சுருளில் வரைந்து, அதைப் பாடிக் காட்டும் பட்டுவாக்களின் ஊர். எல்லோர் பெயரோடும் சித்ரகர் என்று சேர்ந்து வரும். பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். பாடுவதில் பாம்புத் தெய்வமான மனசா தேவியின் கதையும் உண்டு, ராமாயணமும் உண்டு. அவர்கள் வீட்டுத் திண்ணையில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பாட்டைக் கட்டுங்கள். படம் வரைந்துவிட்டுப் பாட்டு தேடினால் இரண்டும் ஒட்டாது. முதல்முறை செய்பவர்களுக்கு மீன் கல்யாணக் கதைதான் நல்லது. சின்ன மீன்கள் கூடிக் கல்யாணம் நடத்தும். அழைப்பில்லாத பெரிய வாளை மீன் கடைசியில் வாயைப் பிளந்துகொண்டு வந்து நிற்கும். பாட்டில் எங்கெல்லாம் காட்சி மாறுகிறதோ, அங்கெல்லாம் ஒரு கட்டம். தாள்களை மேலிருந்து கீழாக ஒட்டி நீளமாக்கி, கட்டங்களைப் பிரித்து, ஓரத்தில் பூக்கொடி விடுங்கள்.

நிறத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். நீலத்துக்குச் சங்குப்பூ, மஞ்சளுக்கு மஞ்சள்கிழங்கு, பச்சைக்கு அவரை இலை, கறுப்புக்கு விளக்குக்கரி. தேக்கின் இளந்தளிரைக் கசக்கினால் கையெல்லாம் சிவக்கும், அந்தச் சாறுதான் சிவப்பு. சாற்றைக் கொட்டாங்குச்சியில் எடுத்து, வில்வக்காயின் உள்ளே விதையைச் சுற்றியிருக்கும் பிசினைக் கலந்து குழையுங்கள். பிசின் சேராத நிறம் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். கடையில் விற்கும் அக்ரிலிக் வண்ணம் பளிச்சென்று இருக்கும்தான், ஆனால் இந்தச் சாறுகள் ஒன்றோடொன்று இணங்கிப் போகிற அழகு அதில் வராது. கண்களைப் பெரிதாக வையுங்கள். தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் பின்புறம் பழைய பருத்திப் புடவைத் துணியை ஒட்டுங்கள். திரும்பத் திரும்பச் சுருட்டினாலும் தாள் கிழியாமல் காப்பது அதுதான்.

சரி, இனிப் பாட வேண்டும். ஒரு கட்டத்தை மட்டும் திறந்து, பாடும் வரிக்குரிய உருவத்தின்மேல் விரலை வையுங்கள். அடுத்த வரிக்கு விரல் நகரட்டும். வாளை வரும் கட்டத்தை மட்டும் முன்கூட்டித் திறந்துவிடாதீர்கள். வரியைப் பாதியில் நிறுத்தி, குழந்தைகள் எட்டிப் பார்க்கும்போது திறக்க வேண்டும். பட்டுவாக்கள் கடைசி அடியில் தங்கள் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பாடுவார்கள். உங்கள் பாட்டிலும் அந்த அடிக்கு இடம் விடுங்கள்.