ஐட்யூன்ஸ் பாட்டுகளை பேக்கப் எடுக்கும் முன்

எம்பி3 கோப்புகளை மட்டும் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்துவிட்டால் பேக்கப் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிளேலிஸ்ட், ஸ்டார் ரேட்டிங், எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டோம் என்ற கணக்கு எல்லாம் 'ஐட்யூன்ஸ் லைப்ரரி.ஐடிஎல்' என்ற தனிக் கோப்பில்தான் இருக்கும். அதை விட்டால் பாட்டு மிஞ்சும், வருடக்கணக்கில் அடுக்கி வைத்த வரிசை போய்விடும்.

முதலில் ஃபைல் மெனுவில் லைப்ரரி, அதில் ஆர்கனைஸ் லைப்ரரி போய் 'கன்சாலிடேட் ஃபைல்ஸ்' டிக் செய்யுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் என்று சிதறிக் கிடக்கும் பாட்டுகளின் நகல் ஒரே மீடியா ஃபோல்டருக்கு வந்துவிடும் (டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய கோப்புகளும் அங்கேயேதான் இருக்கும்). அப்புறம் ஐட்யூன்ஸை மூடிவிட்டு, மியூசிக் ஃபோல்டருக்குள் உள்ள 'ஐட்யூன்ஸ்' ஃபோல்டரை அப்படியே முழுசாக வெளி டிஸ்குக்கு காப்பி செய்யுங்கள்.

புதுக் கணினியில் அதே இடத்தில் ஒட்டி, ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஐட்யூன்ஸைத் திறந்தால் எந்த லைப்ரரி என்று கேட்கும், அந்த ஐடிஎல் கோப்பைக் காட்டுங்கள். மேக்கில் ஷிஃப்டுக்குப் பதில் ஆப்ஷன் கீ. 2019க்குப் பிறகு வந்த மேக் என்றால் ஐட்யூன்ஸே கிடையாது, மியூசிக் ஆப்பைத் திறக்கும்போதும் இதே வழிதான்.

ஆப்பிள் மியூசிக் சந்தாவில் டவுன்லோட் செய்த பாட்டுகளை மட்டும் இதில் நம்ப வேண்டாம், சந்தா நின்றால் அவை ஓடாது.