வாய்வழி உடனடி நச்சுத்தன்மையை எலிகளில் மதிப்பிடும் முறை

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளிலும் பாலக்கோட்டுத் தக்காளி வயல்களிலும் புழங்கும் பூச்சிமருந்து டப்பாக்களில் நச்சின் கடுமையைக் காட்டும் சாய்சதுரக் குறியில் கீழ்ப்பாதி சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்பதை முடிவு செய்வதில் இந்தச் சோதனைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே இதைச் செய்யும் மாணவர் எலியையும் மறக்கக் கூடாது, தெளிப்பானைத் தோளில் சுமப்பவரையும் மறக்கக் கூடாது.

நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஒரு கூண்டைக்கூடத் திறக்கக் கூடாது. பழைய முறைக்கு ஏராளமான எலிகள் தேவைப்பட்டன. ஓஇசிடி என்னும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பின் 423ஆம் வழிகாட்டுநெறியில் ஒரு கட்டத்துக்கு மூன்று எலிகள் போதும். ஈனாத, சினையற்ற, 8 முதல் 12 வார வயதுள்ள பெண் எலிகளைத் தேர்ந்து, கூண்டுச் சூழலுக்குப் பழக குறைந்தது ஐந்து நாள் விட வேண்டும்.

முன்னிரவில் தீனியை மட்டும் நிறுத்த வேண்டும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. காலையில் ஒவ்வோர் எலியையும் எடைபோட்டு அளவைக் கணக்கிட வேண்டும். முன்தகவல் இல்லாத பொருளுக்குக் கிலோவுக்கு 300 மில்லிகிராமில் தொடங்கலாம். 180 கிராம் எலிக்கு அது 54 மில்லிகிராம். 100 கிராம் எடைக்கு 1 மில்லிலிட்டர் வீதம் 1.8 மில்லிலிட்டரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். எலிக்கு வாந்தி எடுக்க இயலாது. உள்ளே போனது வெளியே வராது என்பதால் கணக்கை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்ப்பதே முறை. வாய்வழியே இரைப்பைக்குள் மருந்தைச் செலுத்தும் முனை உருண்ட குழாய் ஊசியை வற்புறுத்தித் தள்ளக் கூடாது. தடை தெரிந்தால் எடுத்துவிட்டு மறுபடி முயல வேண்டும், ஏனெனில் மருந்து மூச்சுக்குழலில் இறங்கினால் அந்தச் சாவு நச்சினால் நேர்ந்தது ஆகாது.

மருந்து கொடுத்த பின்னும் மூன்று, நான்கு மணி நேரம் தீனி தரக் கூடாது. முதல் அரைமணியில் ஒருமுறையாவது, முதல் நான்கு மணி நேரம் மிகுந்த கவனத்தோடும், பிறகு நாள்தோறும் 14 நாள் வரையும் நடுக்கம், வலிப்பு, உமிழ்நீர், பேதி, சோர்வு ஆகியவற்றை நேரத்தோடு குறிக்க வேண்டும். என் கருத்தில் மதிப்பீட்டின் உயிர் இந்தக் குறிப்பேடுதான். மீள முடியாமல் துடிக்கும் எலியைச் சாகும்வரை காத்திருந்து பார்ப்பது தவறு. வலியின்றி உயிர்நீக்கி, அதையும் இறந்த கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றில் இரண்டோ மூன்றோ இறந்தால் அடுத்த கட்டம் கிலோவுக்கு 50 மில்லிகிராம். ஒன்றோ, ஒன்றுமில்லையோ என்றால் அதே அளவில் மேலும் மூன்று எலிகள்; அப்போதும் அப்படியே இருந்தால் கிலோவுக்கு 2000 மில்லிகிராம். முந்தைய கட்டத்து எலிகள் பிழைக்கும் என உறுதியாகத் தெரியும்வரை அடுத்த கட்டத்தைத் தொடங்கக் கூடாது.

வாரந்தோறும் எடை பார்த்து, முடிவில் பிழைத்தவை உட்பட எல்லா எலிகளையும் உடற்கூறாய்வு செய்து உறுப்பு மாற்றங்களைப் பதிய வேண்டும்.