பாய்மரக் கம்பிகளை இறுக்குபவர்கள் செய்யும் தவறுகள்

2022ஆம் ஆண்டு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று களைத்து, அந்த ஓகஸ்ட் மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியதையும் கண்ட பின்னர்தான், முல்லைத்தீவுக் கரையில் இயந்திரத்தை மட்டுமே நம்பியிருந்த நான் என் பதினெட்டடி பைபர் படகில் பாய்மரம் நட்டேன். இப்போது நாயாற்றுக் களப்பில் பாய் பழகும் இளைஞர்களைப் பார்க்கும்போது, நான் செய்த பிழைகளை அதே வரிசையில் அவர்களும் செய்வது தெரிகிறது. மரத்தைத் தாங்கும் கம்பியை மாறிக் கொளுவுவது, பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றைச் சிக்கவிடுவது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. அவற்றை முதல் நாளே படகு கற்றுக்கொடுத்துவிடும்.

மரம் நேராக நிற்கிறதென்று கண்ணை நம்புதல்

மணலில் ஏற்றிய படகு ஒருபோதும் மட்டமாக இருப்பதில்லை. ஆகவே தூக்குக் குண்டும் பொய் சொல்லும், கண்ணும் பொய் சொல்லும். அளவு நாடாவின் நுனியை ஆஞ்சானில் கட்டி மர உச்சிக்கு ஏற்றி, இரு பக்க விளிம்பிலும் கம்பியைப் பூட்டும் தகடுகள் வரைக்கும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால் மரம் நடுவில் நிற்கிறது. தகடுகளையே ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாகப் பூட்டியிருந்தால் இந்த அளவும் ஏமாற்றும் என்பதால், முதலில் படகின் முன்நுனியான அணியத்திலிருந்து தகடுகளுக்குள்ள தூரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒதுக்குப் பக்கக் கம்பி தளர்வதைக் கண்டு இறுக்குதல்

என் படகைப் பாழாக்கிய தவறு இது. இன்றைக்கும் யாராவது சட்டைப் பையில் திருகு முறுக்கும் சாவியைச் செருகிக்கொண்டு படகில் ஏறுவதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

பாய் காற்றை ஏந்தியதும் மரம் சற்றுச் சாயும். காற்றுப் பக்கத்துக் கம்பி இழுபடும், அதற்கு எதிரான ஒதுக்குப் பக்கத்துக் கம்பி தன் இழுவிசையை இழக்கும். இது இயல்பு. ஆனால் புதியவருக்கு அந்தத் தளர்வு பெருங்குறையாகத் தெரிகிறது. தென்மேற்குக் காற்றான சோளகம் நன்றாக வீசிய ஒரு நாளில் நான் அந்தக் கம்பியின் அடியிலுள்ள இறுக்கும் திருகை அரைச் சுற்று இறுக்கினேன். படகைத் திருப்பியதும் மற்றக் கம்பி தளர்ந்தது; அதையும் அரைச் சுற்று இறுக்கினேன். மாலையாவதற்குள் இரு பக்கமும் எத்தனை சுற்று ஏறியதென்ற கணக்கே என்னிடம் இல்லை. கரையில் நின்று கம்பியைச் சுண்டினேன். அது கணீரென்று ஒலித்ததில் எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் காலையில் கம்பிகள் மீண்டும் தளர்ந்திருந்தன. கம்பி நீண்டுவிட்டதென்று நினைத்து மறுபடியும் இறுக்கினேன். உண்மையில் நீண்டது கம்பியல்ல, வளைந்தது படகு. பக்கக் கம்பிகள் மரத்தோடு ஏறத்தாழப் பத்துப் பாகை கோணத்தில்தான் நிற்கின்றன. ஆகவே அவற்றின் இழுவிசை கிட்டத்தட்ட முழுவதும் மரத்தைக் கீழ்நோக்கியே அமுக்குகிறது. முன் கம்பியோடு சேர்த்து மூன்று கம்பிகளும் தலைக்கு நூறு கிலோ இழுத்தால், ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஆறை ஒரு கையகல இடத்தில் அடுக்கியதற்குச் சமமான பாரம் மரத்தின் அடியில் இறங்கும். அதே நேரத்தில் தகடுகள் படகின் விளிம்பை மேல்நோக்கியும் உள்நோக்கியும் இழுக்கும். தளம் மூடிய பாய்ப்படகு இதைத் தாங்கும்படி கட்டப்பட்டது. வலை ஏற்றக் கட்டப்பட்ட நம் திறந்த படகு அப்படிப்பட்டதல்ல.

மூன்றாம் கிழமை மரத்தின் அடியில் சிலந்தி வலைபோல் வெடிப்பு விழுந்து, அதன் வழியே ஈரம் கசிந்தது. பைபர் வேலை செய்யும் ஐயா வந்து கம்பிகளைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் இரு விளிம்புகளும் கண்முன்னே இரண்டு விரற்கடை வெளியே விலகின. "தம்பி, படகை ஈரச் சீலை மாதிரிப் பிழிஞ்சு வச்சிருக்கிறியள்" என்றார். அடித்தளத்தை அரிந்தெடுத்து, பலகை வைத்துப் புதிதாக ஒட்டும் வரைக்கும் ஒரு சோளகக் காலம் முழுவதும் படகு கரையிலேயே கிடந்தது.

அளந்து இறுக்குவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பத்தொன்பது இழை ஸ்ரெயின்லெஸ் கம்பியில், கையால் முறுக்கித் தொய்வை மட்டும் எடுத்த நிலையில், இரண்டு மீற்றர் அளவுகோல் ஒன்றின் மேல்நுனியைக் கம்பியோடு கட்டி, கீழ்நுனி நிற்கும் இடத்தைக் கம்பியில் குறியுங்கள். திருகை இறுக்க இறுக்க அந்தக் குறி கோலின் நுனியை விட்டுக் கீழே இறங்கும். ஒரு மில்லிமீற்றர் இறங்கினால், கம்பி அறுபடும் பாரத்தில் ஐந்து வீதம் ஏறியிருக்கிறது. பக்கக் கம்பிகளுக்கு இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் போதும். நம் படகுகளுக்கு இரண்டோடு நிறுத்துவதே என் வழக்கம். பிறகு, அலைகளின் தலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தோன்றும் காற்றில் ஓடிப் பாருங்கள். ஒதுக்குப் பக்கக் கம்பி அப்போதுதான் தளரத் தொடங்கினால் அளவு சரி. மென்காற்றிலேயே அது ஊஞ்சலாடினால், கரைக்கு வந்து இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் திருகுங்கள். சாவி கரையிலேயே இருக்கட்டும்.

மரத்தை முன்னே சாய்த்து நடுதல்

மர உச்சி சற்றுப் பின்னே சாய்ந்திருந்தால், சுக்கானைக் கைவிட்டதும் படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பி நிற்கும். முன்னே சாய்ந்திருந்தால் காற்றுக்கு முதுகு காட்டி ஓட முற்படும். நம் கரையில் சோளகம் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. ஆள் தவறி விழுந்த படகு எந்தப் பக்கம் ஓடுமென்பதை எண்ணிப் பாருங்கள். அதற்காக மிகவும் பின்னே சாய்த்தால் சுக்கானோடு மல்லுக்கட்டிக் கை ஓய்ந்துவிடும்.

பூட்டூசி போடாத திருகு

திருகு தானாகச் சுழலாமல் பூட்டும் ஊசி இது. போடாவிட்டால் கழலும். போடுங்கள்.

திருகின் மேல் நாடா சுற்றுதல்

பாய் கிழியாதிருக்க, திருகையும் கம்பி நுழையும் குழலையும் கறுப்பு நாடாவால் இறுகச் சுற்றுகிறார்கள். உள்ளே புகுந்த உப்புநீர் வெளியேற வழியின்றித் தங்கி, ஸ்ரெயின்லெஸ்ஸையும் அரிக்கும். பூட்டூசியின் நுனியை மட்டும் மூடினால் போதும். சென்ற பங்குனியில் ஒரு தம்பியின் படகில் அப்படிப்பட்ட நாடாவைப் பிரித்தபோது, குழலின் வாயில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் தட்டியதும் இரண்டு இழைகள் கையோடு வந்தன.