பழைய காருக்கு டியூனிங்கா? முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள்

மாருதி 800, ஜென், சான்ட்ரோ மாதிரி ஒரு பழைய பெட்ரோல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியதும் பலர் முதலில் பார்க்கும் வேலை டியூனிங்தான். பிளக், ஏர் ஃபில்டர், ஆயில் மாற்றியதும் வண்டி ரெடி என்று நினைத்துவிடுகிறார்கள். ரேடியேட்டரை 'ஹீட் ஆனால் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையே தப்பு. எஞ்சின் சரியான சூட்டுக்கு வந்து அதிலேயே நிற்காவிட்டால், எத்தனை முறை டியூன் செய்தாலும் பலன் தங்காது.

பழைய வண்டி என்றாலே முன்பு வைத்திருந்தவர் செய்த குறுக்குவழி ஒன்றாவது உள்ளே இருக்கும். அதில் மோசமானது தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுவது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார், எடுத்துட்டா ஹீட்டே ஆகாது" என்று சொல்லியே கழற்றுவார்கள். அந்த வால்வு பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரி செல்சியஸில் திறக்கும். அதுவரை கூலன்ட்டை (எஞ்சினுக்குள் சுற்றிச் சூட்டை இழுக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடாமல் எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்குவதுதான் அதன் வேலை. அது இல்லாத வண்டி, பைபாஸ் ரோட்டில் காற்று அடிக்க ஓடும்போது தேவையான சூட்டுக்கே வராது. எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினில், அதாவது கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் விடும் எஞ்சினில், சென்சார் 'இன்னும் சூடாகவில்லை' என்று சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். பிளக்கில் கரி பிடிக்கும், மைலேஜ் இறங்கும், ஆயிலிலும் பெட்ரோல் இறங்கும். காரணம் தெரியாமல் புது பிளக் போட்டு, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தால் சில வாரங்களில் மறுபடி கரிதான். போதாக்குறைக்கு, சில எஞ்சின்களில் இந்த வால்வு திறக்கும்போதே, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியை அடைக்கவும் செய்யும். அங்கே அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றும். ஹீட் குறையட்டும் என்று செய்த வேலை ஹீட்டைக் கூட்டிவிடும்.

வால்வு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்துவிட்டுப் பிறகு சட்டென்று சுட்டால் வால்வு வேலை செய்கிறது. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. ஃபேனையும் கவனியுங்கள். சாவி போட்டதுமே சுற்ற ஆரம்பித்து, ஏ.சி. போடாதபோதும் நிற்காமல் ஓடினால், பெரும்பாலும் ஃபேன் சுவிட்ச் போனதை மாற்றாமல் 'டைரக்ட்' ஆக வயர் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்த தவறு கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றுவது. நம் ஊரில் தண்ணீர் உறையாது, அப்புறம் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். துருவும் அரிப்பும் வராமல் காக்கிற மருந்தும் அதில்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் சுண்ணாம்புப் படிவு கட்டும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டையும் அரிக்கும். தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். 'முழுசா ஊற்றினால் இன்னும் நல்லது' என்பது தப்புக் கணக்கு. வெறும் கூலன்ட்டைவிடத் தண்ணீர் கலந்ததுதான் சூட்டை நன்றாகக் கடத்தும். ரெடிமிக்ஸ் டப்பாவில் தண்ணீர் ஏற்கெனவே கலந்திருக்கும், அதில் மேலும் சேர்க்கக் கூடாது. பச்சை, சிவப்பு என்ற நிறம் வெறும் சாயம், அதை வைத்து ரகத்தை முடிவு செய்யாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் டாப் அப் செய்யாமல் முழுவதும் இறக்கி, தெளிவாக வரும்வரை நல்ல தண்ணீரால் அலசிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். துருப்பிடித்த 20 வருட ரேடியேட்டரில் கடுமையான ஃப்ளஷ் கெமிக்கல் வேண்டாம். ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த படிவும் கரைந்து, ஒழுக ஆரம்பித்துவிடும்.

இறக்கிய கூலன்ட்டைத் திறந்த சட்டியில் விட்டுவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். நாயும் பூனையும் நக்கினால் பிழைப்பது கஷ்டம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதே இல்லை. சுமார் 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால், உள்ளே வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்துபோன மூடியில் அந்த அழுத்தம் நிற்காது. ரிசர்வ் டப்பாவுக்குப் போன தண்ணீரும் திரும்பி வராது. மலிவான பொருள், கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடலாம். ஆனால் சூடான எஞ்சினில் மட்டும் அதைத் திறக்கவே கூடாது. துணி போட்டுத் திறந்தாலும் முகத்தில்தான் அடிக்கும். டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால் ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரமாவது பொறுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் வளையும், விரிசலும் விடும்.

கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியம் ஆகாது. எங்கே போகிறது என்று தேடுங்கள். வாட்டர் பம்ப் அடியில் ஈரம், பெடல் பக்கத்து மேட் நனைந்து இனிப்பு வாசனை, ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்தது போன்ற நிறம், ரேடியேட்டரில் ஓயாமல் வரும் குமிழி என்று அது எங்காவது அடையாளம் காட்டும். கடைசி இரண்டும் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) சம்பந்தப்பட்டது, தள்ளிப்போடாதீர்கள். ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் போடும் மஞ்சள்தூளும் லீக் பவுடரும் வழியில் மாட்டிக்கொண்டவர் வீடு வந்து சேர மட்டுமே. அப்படியே ஓட்டினால் நல்ல குழாய்களும் அடைபடும்.

இவ்வளவும் சரியான பிறகு டியூனிங்குக்கு வாருங்கள். பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகு கழற்றுங்கள், சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். மாட்டும்போது கடைசி வரை கையாலேயே சுற்றி, பிறகு ஸ்பேனர் போடுங்கள். புது பிளக் என்றாலும் அதன் முனையில் உள்ள இடைவெளியை (கேப்) அளந்து பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் ஐடிலிங்கை (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே வையுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில், அது எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், வருடக் கணக்கிலேயே ரப்பர் காய்ந்துவிடும். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மோதி எஞ்சின் வால்வுகள் வளைந்துவிடும். வாங்கியதும் மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். கூலன்ட் ஊற்றிய தேதியையும் அதிலேயே எழுதுங்கள்.