வம்சாவளி தேடுறதை நாளாந்தம் விடாமச் செய்யிறது எப்பிடி

எங்கட ஆக்களில கனபேருக்கு அப்பப்பா, அம்மப்பா பேர் வரைக்கும் தெரியும், அதுக்கு மேல கேட்டா "ஊருக்குப் போகேக்க விசாரிப்பம்" எண்டு சொல்லுவினம். நானும் வெள்ளவத்தையில இருந்துகொண்டு நாலைஞ்சு வருஷம் இதைத்தான் சொன்னன். லீவில யாழ்ப்பாணம் போனா திருவிழா, கலியாணவீடு, சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு எண்டு நாள் போயிடும், அதுக்கிடையில நான் கேக்கோணும் எண்டு வச்சிருந்த ரெண்டு பேர் மோசம் போயிட்டினம். அதுக்குப் பிறகுதான் லீவைப் பாத்துக்கொண்டு இருக்கிறதை விட்டிட்டு, கொழும்பில இருந்தே ஒவ்வொரு நாளும் இருபது நிமிஷம் எண்டு தொடங்கினன்.

முதல்ல நேரத்தைப் பற்றி. எட்டரைக்கு அலாரம் வச்சுப் பாத்தன், சரிவரேல்ல, அந்த நேரம் ஆரும் வருவினம் இல்லாட்டி போன் வரும். இப்ப இரவுச் சாப்பாடு முடிஞ்சு கோப்பை கழுவி வச்ச கையோட அதே மேசையில இருக்கிறன். சாப்பிடாத நாள் இல்லைத்தானே, அதால இதுவும் தவறாது. ஒரு சீஆர் கொப்பி, ஒரு பேனை, அவ்வளவுதான், சொஃப்ட்வேர் ஒண்டும் தொடக்கத்தில வேண்டாம், ஏனெண்டா அதை இன்ஸ்டோல் பண்ணி போட்டோ ஏத்தி அழகு பாக்கிறதிலயே முதல் மாசம் முடிஞ்சிடும்.

இருபது நிமிஷம் முடிஞ்சா நிப்பாட்டுங்கோ, ருசியா இருந்தாலும் நிப்பாட்டுங்கோ. ஆனா கொப்பியை மூட முன்னம் கடைசி வரியில நாளைக்குரிய கேள்வியை எழுதோணும், என்ர அனுபவத்தில முழுப் பழக்கமும் இந்த ஒரு வரியிலதான் நிக்குது. கேள்வி சின்னனா இருக்கோணும். "அம்மம்மா வீட்டுப் பக்கத்தைக் கண்டுபிடிக்கிறது" எண்டு எழுதினா அடுத்த நாள் எங்க தொடங்கிறது எண்டு தெரியாம போனை நோண்டிக்கொண்டு இருப்பியள். "அம்மம்மான்ர கலியாணம் எந்தக் கோயில்ல நடந்தது, பெரியம்மாட்டக் கேக்கிறது" எண்டு எழுதினா கையோட போன் எடுக்கலாம்.

முதல் ரெண்டு கிழமைக்கு வீட்டை விட்டு வெளிய போகத் தேவையில்லை. அலுமாரிக்கு மேல ஒரு பழைய சூட்கேஸ் எல்லார் வீட்டிலயும் இருக்கும், அதில ஒரு நாளைக்கு ஒரு கடுதாசி மட்டும் எடுங்கோ. பேர்த் சேர்டிபிகேட்டை நாங்கள் பாஸ்போட்டுக்கும் ஸ்கூல் அட்மிஷனுக்கும் மட்டும்தான் எடுத்துப் பாக்கிறது, ஆனா அதில கீழ்ப்பக்கம் பாட்டனார் இலங்கையில பிறந்தவர் எண்டா அவற்ற முழுப்பேர், பிறந்த வருஷம், பிறந்த இடம் எழுத ஒரு கட்டம் இருக்கு, பூட்டனாருக்கும் இருக்கு. 1948 குடியுரிமைச் சட்டத்தோட பிரஜை எண்டு காட்ட தகப்பன், பாட்டன் எங்க பிறந்தவை எண்டது முக்கியமாப் போச்சு, அந்தச் சட்டம் எத்தனையோ பேரை நாடற்றவர் ஆக்கினது, ஆனா அந்தக் கட்டத்தில எழுதினது இண்டைக்கு எங்களுக்குத் தலைமுறைக் கணக்கு சொல்லுது.

காணி உறுதியை இன்னும் கவனமாப் பாருங்கோ. எங்கட ஆக்கள் தகப்பன் வழியைத்தான் தேடுவினம், பேருக்கு முன்னால நிக்கிறது தகப்பன் பேர்தானே, தாய் வழி இரண்டு தலைமுறையில மறைஞ்சு போயிடும். ஆனா யாழ்ப்பாணத்துச் சீதன உறுதி தாய் வழியாத்தான் வரும். 1707ல டச்சுக்காரர் எழுதி வச்ச தேசவழமை எண்ட யாழ்ப்பாணத்து வழமைச் சட்டத்தில முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்து) எண்டு சொத்தைப் பிரிச்சிருக்கு, அதில சீதனம் தாயிட்ட இருந்து மகளுக்குப் போறது. எங்கட வீட்டில கிடந்த ஒரு உறுதியில காணி எப்பிடி வந்தது எண்டு சொல்லுற பந்தியில மட்டும் அம்மம்மா, அவவின்ர தாய், அந்தத் தாய்க்குக் குடுத்த தாய் எண்டு மூண்டு பொம்பிளையளின்ர பேர் வரிசையா இருந்தது. மூண்டாவது பேர் வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. அண்டைக்கு இருபது நிமிஷம் முழுக்க அந்த ஒரு பந்தியைக் கொப்பியில பாத்து எழுதினதுதான் வேலை.

மலையகத்தில இருந்து வந்த குடும்பம் எண்டா பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய இந்தியப் பாஸ்போட், தோட்டத்துக் கடுதாசி எல்லாம் தேடுங்கோ, இந்தியாவில எந்த ஊர் எண்டது அதுகளில இருக்கலாம். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில 5,25,000 பேரை இந்தியா எடுக்கிறது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை குடுக்கிறது எண்டு பிரிச்சபடியால், அண்ணன் இங்க தம்பி நீலகிரியில எண்டு ஆன குடும்பங்கள் கன இருக்கு. அந்தத் தம்பி வீட்டுப் பிள்ளையளிட்டயும் ஒரு சூட்கேஸ் இருக்கும்.

போன் கதைக்கிறது தனிக் கலை. கனடாவில இருக்கிற பெரியம்மாவுக்கு எங்கட இரவு ஏழு மணி எண்டா ரொறன்ரோவில கோடை காலத்தில காலை ஒன்பதரை, குளிர் காலத்தில எட்டரை, தேத்தண்ணி குடிச்சு முடிச்சிருப்பா, அதுதான் நல்ல நேரம், போன் நாளில மட்டும் நான் சாப்பிட முன்னம் இருக்கிறன். எந்த வருஷம் எண்டு வயசானவையிட்டக் கேக்காதேங்கோ, தெரியாது எண்டு சொல்லிக் கதையே நிண்டிடும். "58 கலவரத்துக்கு முன்னமோ பிறகோ?", "64 புயலுக்கு அப்ப நீங்கள் எங்க இருந்தனியள்?", மட்டக்களப்பு ஆக்கள் எண்டா "78 சூறாவளிக்குள்ள தம்பி பிறந்திட்டானோ?" இப்பிடிக் கேட்டா உடன பதில் வரும், அதோட நீங்கள் கேக்காத நாலு விஷயமும் வரும். ஒரு கோலுக்கு ஒரு கேள்விதான், மிச்சத்தை அவையின்ர போக்கில விடுங்கோ. றெக்கோட் பண்ண முன்னம் சொல்லிப்போட்டுப் பண்ணுங்கோ.

சாதகக் குறிப்பில ஒரு பொறி இருக்கு, எனக்கு மூண்டு மாசம் போன இடம் இது. சூட்கேஸில கொப்பித் தாளில எழுதின ஒரு குறிப்பு, அம்மான்ர தம்பியின்ர பேர், சுபகிருது வருஷம், மாசி மாசம். நான் 1962 எண்டு எழுதினன். முதல் பிழை, தமிழ் வருஷம் சித்திரையில தொடங்குறபடியால் சுபகிருது மாசி 1963ல தான் வரும். ரெண்டாவது பிழை பெரிசு. அறுபது வருஷச் சுத்து எண்டதால 1902ல தொடங்கினதும் சுபகிருதுதான், அப்பப்பா அம்மப்பான்ர பேரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கிறது எங்கட வழக்கம், அம்மான்ர அப்பப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரே பேர். பெரியம்மாதான் குறிப்பை வாசிக்கச் சொல்லிக் கேட்டிட்டு "அவன் கார்த்திகை நட்சத்திரமடா, இது கேட்டை" எண்டா. ஆரோ பழைய ஓலையைப் பாத்துக் கொப்பித் தாளில எழுதி வச்ச, 1903ல பிறந்த பூட்டன்ர குறிப்பு அது. அதுக்குப் பிறகு பேரை மட்டும் வச்சு ஒருத்தரையும் வம்சாவளி மரத்தில ஏத்துறேல்ல, பேரோட ஊர், நட்சத்திரம், மனிசி பேர் இதில ஒண்டாவது பொருந்தோணும்.

கொழும்பு ஏழில இருக்கிற தேசிய சுவடிகள் காப்பகத்துக்கு மாசத்தில ஒரு அரை நாள் லீவு போட்டுப் போனாக் காணும். டச்சுக்காரர் காலத்துத் தோம்பு எண்ட காணிப் பதிவேடும் அங்கதான் இருக்கு, பழைய பேப்பரும் அங்கதான். வீரகேசரி 1930ல தொடங்கினது, அதில மரண அறிவித்தல் ஒண்டு கிடைச்சா மக்கள், மருமக்கள், சகோதரங்கள் எண்டு முழுக் குடும்பமும் ஒரு பந்தியில வரும். ஆனா செத்த மாசமாவது தெரியாமப் போனா நாள் முழுக்கப் பக்கம் புரட்டோணும், அந்த மாசத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் இரவு இருபது நிமிஷத்து வேலை. தேடிக் கிடைக்காட்டியும் எந்த மாசத்துப் பேப்பர் பாத்தது எண்டு கொப்பியில எழுதுங்கோ, இல்லாட்டி ஆறு மாசம் கழிச்சு அதையே திருப்பிப் பாப்பியள்.

காய்ச்சல், விருந்தாளி, கரண்ட் கட் எண்டு நாள் தவறும். அடுத்த நாள் நாப்பது நிமிஷம் இருந்து ஈடு கட்ட வேண்டாம், வழமையான இருபதே இருங்கோ. உடம்பு ஏலாத நாளில ஒரு போட்டோவின்ர பின்பக்கம் பென்சிலால ஆக்களின்ர பேர் எழுதினாலே அண்டைய கணக்குச் சரி.

ஒருத்தர் செத்து 31ஆம் நாளுக்கு அவற்ற நினைவா அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தை ஒரு நாளும் எறியாதேங்கோ, கடைசிப் பக்கங்களில வம்சாவளி போட்டிருப்பினம். செத்தவீட்டுக்காரர் அவசரத்தில எழுதினதெண்டு பிழையும் இருக்கும், எண்டாலும் தொடக்கத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. 2005ல தொடங்கின நூலகம் இணையத்தளத்தில நினைவு வெளியீடுகள் எண்டு ஒரு பகுதியே இருக்கு, உங்கட ஊர்ப் பேரைப் போட்டு ஒரு கிழமைக்கு ஒவ்வொரு இரவும் ரெண்டு புத்தகம் வாசியுங்கோ. உங்கட வீட்டில இருக்கிறது அதில இல்லையெண்டா, வீட்டாக்களிட்டக் கேட்டுப்போட்டு ஸ்கேன் பண்ணி நூலகத்துக்கு அனுப்புங்கோ, வேற ஆரோ தன்ர பூட்டியின்ர பேரை அதுக்குள்ள தேடிக்கொண்டு இருக்கலாம்.