சுவாஹிலியின் பெயர்ச்சொல் வகுப்புகள்: தொடங்குபவர்களுக்கு

கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியைப் படிக்க வருபவர்களை முதலில் மிரட்டுவது பெயர்ச்சொல் வகுப்புகள்தான், அதாவது முன்னொட்டை வைத்துப் பெயர்ச்சொற்களைப் பிரிக்கும் குழுக்கள். ஒருமையையும் பன்மையையும் தனித்தனியாக எண்ணினால் பட்டியல் 18 வரை நீளும். அதை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். சொல்லின் முன்னொட்டு பொருளை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள், போதும்.

படி 1: ஒரே வேரை வைத்துப் பழகுங்கள். 'டோட்டோ' என்பது வேர். ம்டோட்டோ என்றால் குழந்தை, வட்டோட்டோ என்றால் குழந்தைகள். கிட்டோட்டோ சின்னஞ்சிறு குழந்தை. உட்டோட்டோ குழந்தைப் பருவம்.

படி 2: வகுப்புகளின் பொதுப்போக்கைப் பிடியுங்கள். ம்-/வ- (முதலில் ஒருமை முன்னொட்டு, அடுத்து பன்மை) மனிதர்களுக்கு. ம்-/மி- வகுப்பில் மரங்கள், மலை (ம்லிமா, பன்மையில் மிலிமா). கி-/வி- வகுப்பில் கத்தி (கிசு, விசு) போன்ற பொருட்கள், சிறியவை, மொழிப்பெயர்கள். கிஸ்வாஹிலி என்பதே அப்படி வந்ததுதான். மா- வகுப்பில் மாஜி (தண்ணீர்), மாஃபூட்டா (எண்ணெய்) போன்ற திரவங்கள் சேரும். உ- கருத்துகளுக்கு: உஹுரு, அதாவது விடுதலை. ந்- வகுப்பில் விலங்கு, வீடு, கடன்சொல் எல்லாம் கலந்திருக்கும். அங்கே பொருள் தேடிக் களைத்துப்போக வேண்டாம்.

படி 3: முன்னொட்டு வாக்கியம் முழுக்க ஓடுவதைக் கவனியுங்கள்.
கிட்டாபு கிகுப்வா கிமெஆங்குகா: பெரிய புத்தகம் விழுந்துவிட்டது.
விட்டாபு விகுப்வா விமெஆங்குகா: பெரிய புத்தகங்கள் விழுந்துவிட்டன.
நம் முஸ்லிம் வீடுகளில் கிதாபு என்கிறார்களே, அதே அரபுச் சொல்தான் இது. அதன் 'கி'யைச் சுவாஹிலி முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு 'வி' பன்மையும் போட்டுவிட்டது. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இது.

படி 4: இனி விதிவிலக்கு. கிபோகோ என்றால் நீர்யானை. 'கி'யில் தொடங்கினாலும் வாக்கியம் 'கிபோகோ ம்குப்வா அமெஆங்குகா' என்றுதான் வரும். பெயருக்கேற்ப மற்ற சொற்கள் மாறும் இந்த இயைபு மனிதருக்குரியது. தமிழில் யானையும் நாயும் அஃறிணை. சுவாஹிலியிலோ விலங்குகளும் மனிதர் பக்கம்தான். மரத்துக்கும் பொருட்களுக்கும் அந்த இடம் கிடையாது.

சுவாஹிலி சேர்ந்த ஆப்பிரிக்க மொழிக்குழுவான பாந்துவின் மற்ற மொழிகளிலும் இதே அமைப்பு உண்டு. உகாண்டாவில் வாழும் காண்டா இனத்தவரில் முகாண்டா ஒருவர், பகாண்டா மக்கள், லுகாண்டா மொழி, புகாண்டா அவர்கள் அரசு. தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியில் உமுண்டு மனிதர், அபண்டு மனிதர்கள். பாந்து என்ற பெயரே இந்தப் பன்மை வடிவத்திலிருந்து வந்தது.

புதுச்சொல் எதைக் கற்றாலும் ஒருமை, பன்மை, அப்புறம் ஒரு முழு வாக்கியம் என மூன்றையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.