சம்பா மழைக்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில் காவிரி டெல்டாவில் முதல் தவறு ரகத் தேர்விலேயே நடந்துவிடுகிறது. சி.ஆர். 1009 நெல் ரகத்துக்கு 155 முதல் 160 நாள் வேண்டும். ஆகஸ்டில் விதைத்தால் தை மாதத்தில் அறுத்துவிடலாம். அதையே செப்டம்பர் கடைசியில் விதைத்தால் பயிர் மார்ச் தொடக்கம் வரை வயலில் நிற்கும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. தாமதமான ஆண்டில் ஏ.டி.டி. 46, டி.கே.எம். 13 போன்ற 130, 135 நாள் ரகங்களுக்கு மாறிவிடுவதே நல்லது. "எங்கள் வயலுக்கு எப்போதும் இதுதான்" என்ற பிடிவாதத்துக்கு ஆற்று நீர் காத்திருக்காது.

நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளும் வழக்கம் நல்லதுதான். குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல் நுனியோடு போய்விடும். ஆனால் பாக்டீரியா இலைக்கருகல் வந்து போன வயலில் கிள்ளவே கூடாது. கிள்ளிய காயத்தின் வழியாகத்தான் அந்த நோய் உள்ளே நுழைகிறது.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது மழை விட்டதும் நடப்பதுதான். இரண்டு மூன்று நாள் மூழ்கிய பயிர் மஞ்சளாக நிற்கும். அதைப் பார்த்துப் பொறுக்காமல், தண்ணீர் வடியுமுன்பே யூரியா மூட்டையைப் பிரித்துவிடுகிறோம். பயிர் மஞ்சளாவது தழைச்சத்துக் குறைவால் மட்டுமல்ல. வேருக்குக் காற்று கிடைக்கவில்லை. அந்த நிலையில் எதைப் போட்டாலும் அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. தேங்கிய நீரில் விழுந்த யூரியாவில் ஒரு பகுதி அமோனியாவாக ஆவியாகிறது, ஒரு பகுதி வடிநீரோடு அடுத்தவர் வயலுக்குப் போகிறது.

முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். புதிய குருத்து வெளிவருவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடலாம். ஜிப்சமும் புண்ணாக்கும் யூரியாவின் தழைச்சத்து வீணாவதைக் குறைப்பதால் சத்து வயலிலேயே தங்கும்.

வடிய வைப்பது வயலுக்குள் மட்டும் முடிகிற வேலையும் அல்ல. வடிகாலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடந்தால், வரப்பை வெட்டிவிட்டு என்ன பயன்? ஐப்பசி பிறக்குமுன் ஊர் கூடி அதை அகற்றியிருக்க வேண்டும். பொதுப்பணி என்று ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், நவம்பரில் எல்லோருடைய வயலும் சேர்ந்தே மூழ்கும்.

அளவுக்கு மீறிய யூரியா, புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சியையும் அழைத்து வருகிறது. மேலிருந்து பார்த்தால் பயிர் கரும்பச்சையாகச் செழித்திருக்கும். தூரை விலக்கிப் பாருங்கள்: தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்புப் பூச்சிகள் அப்பிக் கிடக்கும். வட்டவட்டமாகக் கருகிய பிறகு ஓடுவதைவிட, வாரம் ஒருமுறை பத்துத் தூர்களை விலக்கிப் பார்ப்பது எவ்வளவோ மேல். இங்கே இரண்டு தவறுகள் சேர்ந்தே நடக்கின்றன. ஒன்று, மருந்தை இலைமேல் அடிப்பது. அது தூரில் படவேண்டும், அதற்கு முன் தண்ணீரை வடிக்க வேண்டும். இரண்டு, சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளை அடிப்பது. அவை புகையானைத் தின்னும் சிலந்திகளைக் கொன்றுவிடுவதால் பூச்சி முன்பைவிடப் பெருகும். நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டிருந்தால் காற்றும் வெளிச்சமும் தூர் வரை போகும். மருந்தடிக்க நடக்கவும் வழி இருக்கும்.

பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் நடுப்பகுதியோடு பதிவு முடிகிறது. கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றான அடங்கல் வாங்கவே நாளாகும்.

மழைக்காலத்தில் பயிரைக் கவனிக்கும் அவசரத்தில் மாடு மறந்துபோகிறது. தண்ணீர் தேங்கிய இடத்தில் நத்தை பெருகும். நத்தையிலிருந்து வெளிவரும் தட்டைப்புழுவின் குஞ்சுகள் கரையோரப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். அங்கே மேய்ந்த மாடு சில வாரங்களில் மெலியும், கழியும், தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கும். உடனே கடையில் கிடைத்த குடற்புழு மருந்தை ஊற்றுவது பலருடைய வழக்கம். எல்லாக் குடற்புழு மருந்தும் தட்டைப்புழுவைக் கொல்லாது. புதிய சாணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனால், சோதித்துப் பார்த்து எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்வார்கள். கோமாரி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகள் மழைக்கு முன்பே போட்டாயிற்றா என்பதையும் அப்போதே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலை, வேறு தீவனம் இல்லை என்பதற்காகக்கூட மாட்டுக்குப் போடாதீர்கள். அதை எருக்குழியில் தள்ளிவிடுங்கள்.